மனுதாரர் அவர், பயனாளி நாம்

"அமெரிக்காவுல ஏதுய்யா சாதி? புடிக்கலேன்னா வேற கம்பெனிக்கு மாறிக்க வேண்டியதுதானே?" கலிபோர்னியாவிலிருந்து லீவில் வந்த ஆதிக்க சாதி நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

என் அக்கா மகன் அங்கே எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். மேலாளர் நம்மூர்க்காரர். முதல் வாரமே "ஊருல எந்தத் தெரு?" என்று கேட்டிருக்கிறார். தட்டிக்கொடுக்கிற சாக்கில் முதுகைத் தடவிப் பூணூல் தேடியிருக்கிறார். அதிலிருந்து முக்கியமான கூட்டங்களுக்கு இவனுக்கு அழைப்பில்லை. "மாறிடுடா" என்றேன். "நாலு வருஷம் போச்சு மாமா. இப்பத்தான் கிரீன் கார்டுக்கு முதல் காகிதம் போட்டிருக்காங்க. மாறுனா அதுவும் போச்சு" என்றான்.

எச்-1பிக்குப் பொதுவாக 6 வருஷம்தான் வரம்பு. அதற்குள் கிரீன் கார்டு வேலை நகர வேண்டும். அதற்கு மனுப் போடுவது இவன் இல்லை, கம்பெனி. உள்நாட்டில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி 'பெர்ம்' சான்று வாங்குவது கம்பெனி. அடுத்த ஐ-140 மனுவிலும் கம்பெனிதான் மனுதாரர், உழைக்கிறவன் பயனாளி. பயனாளி! தொகுப்பு வீட்டுக்கும் தாட்கோ கடனுக்கும் நின்று நின்று நமக்குப் பழகிப்போன சொல். ஒப்புதல் கடிதம்கூட கம்பெனிக்கும் அதன் வக்கீலுக்கும்தான் போகிறது.

மாறவே முடியாதா? முடியும். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிய கம்பெனி எச்-1பி மனுவைத் தாக்கல் செய்ததுமே அங்கே வேலைக்குச் சேரலாம். ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டால், பழைய கம்பெனி திரும்பப் பெற்றுக்கொண்டாலும் அதனால் ஒப்புதல் ரத்தாகாது. மோசடி, பெரும்பிழை இல்லாதவரை வரிசையில் பிடித்த தேதியும் நம்முடையது. கடைசிக் கட்டமான ஐ-485 விண்ணப்பம் 180 நாள் நிலுவையில் இருந்தால், அதே மாதிரியான வேலைக்குப் புதுப் பெர்ம் இல்லாமலே மாறலாம். இதையெல்லாம் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் ஐ-140க்கு முன்னால்? அங்கேதான் கயிறு. பெர்ம் போடுவதா வேண்டாமா என்பது கம்பெனியின் விருப்பம். அந்த விருப்பத்தில் மேலாளரின் வாய்ச்சொல்லுக்கு மதிப்புண்டு. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். எச்-4ல் இருக்கும் மனைவி வேலைக்குப் போவதுகூடப் பெரும்பாலும் கணவனின் ஐ-140 ஒப்புதலை நம்பித்தான். ஒப்புதல் வந்தாலும், எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியர்கள் பத்து வருஷத்துக்கு மேல் காத்துக் கிடக்கிறார்கள்.

"டாலர்ல சம்பளம் வாங்குறவன் கொத்தடிமையா?" என்பார்கள். இல்லை. படியாளின் வயிற்றுப்பாடு வேறு, இவனுடையது வேறு. ஆனால் 'இவரைப் பகைச்சுக்கிட்டா என் குடும்பம் என்னாகும்' என்ற பயம் வேறல்ல.

சட்டத்தில் சாதி இல்லை, உண்மைதான். சட்டம் அதிகாரத்தைக் கையில் கொடுக்கிறது. அந்தக் கையில் சாதி இருக்கிறது. 2020இல் சிஸ்கோ நிறுவனத்தின் மீது தலித் பொறியாளர் ஒருவருக்காகக் கலிபோர்னியா அரசுத் துறையே வழக்குப் போட்டது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023இல் அதே துறை விலக்கிக்கொண்டு, நிறுவனத்தின் மீது மட்டும் தொடர்ந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர், இருக்கிற சட்டமே போதும் என்று நிராகரித்தார். போதுமாம்!

அபூர்வத் திறமை, தேச நலன் என்ற பிரிவுகளில் ஒருவர் தானே மனுப் போடலாம். அந்த உரிமையை உழைக்கிற எல்லாருக்கும் கொடு என்பதே நம் கோரிக்கை. அதுவரை அக்கா மகனுக்குச் சொல்லியிருக்கிறேன்: ஐ-140 ஒப்புதலானதும் நகல் கேள். தராவிட்டால் தகவல் சுதந்திரச் சட்டப்படி அரசிடமே கேள். தெருப்பெயர் கேட்டவன் என்ன சொன்னான், எந்தத் தேதியில் சொன்னான் என்று எழுதி வை.

மனு அடுத்தவன் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.