கிராமத்துக்குப் போகும் பட்டதாரிகள்

பட்டம் பெற்ற வாலிபர்களைப் பரீட்சை வைத்துப் பொறுக்கியெடுத்து, இரண்டு வருஷத்துக்குச் சம்பளம் கொடுத்து, சர்க்கார் திட்டங்கள் ஜனங்களிடம் எப்படிப் போய்ச் சேருகின்றன என்று பார்த்துவர அனுப்பும் ஒரு புது வழக்கம் நம் நாட்டில் ஏற்பட்டிருக்கிறது. மத்திய சர்க்கார் 2012இல், நக்சலைட் தொல்லை மிகுந்ததாகச் சொல்லப்பட்ட ஜில்லாக்களுக்கு இம்மாதிரி வாலிபர்களை அனுப்பிற்று. 2021இல் தொழிற்பயிற்சிக் காரியத்துக்கென்று காந்தியார் பேரால் மற்றொரு கூட்டத்தை நாடெங்கும் அனுப்பிற்று. தமிழ்நாட்டு சர்க்கார் 2022இல் 'முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம்' என்ற பேரால் 30 பேரை எடுக்க ஏற்பாடு செய்தது. வயது 22 முதல் 30 வரை. பிற்படுத்தப்பட்டோருக்கு 33, ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் 35 வரை சலுகை உண்டு. மூன்று கட்டமாகத் தேர்வு. படியெல்லாம் சேர்த்து மாதம் 50,000 ரூபாய்க்கு மேல். முடிவில் பொதுக்கொள்கை பற்றி ஒரு மேற்பட்டச் சான்றிதழும் கிடைக்கிறது.

இதை நாம் மனதார வரவேற்கிறோம். ஏனென்றால் நம் கொங்கு நாட்டில் கிராம அதிகாரம் எப்படி இருந்தது என்பது வயதானவர்களுக்கு ஞாபகமிருக்கும். மணியக்காரர் மகன் மணியக்காரர், கணக்குப்பிள்ளை மகன் கணக்குப்பிள்ளை என்று உத்தியோகமும் காணி நிலம் போல் வம்சத்தில் இறங்கி வந்தது. 1980இல்தான் தமிழ்நாட்டு சர்க்கார் அந்தப் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரைப் பரீட்சையின் பேரில் எடுக்க வழி செய்தது. பிறப்பு உட்கார்ந்திருந்த இடத்தில் படிப்பு வந்து உட்காருவதை நாம் ஒருக்காலும் ஆட்சேபிக்க மாட்டோம்.

ஆனால் நாம் கேட்பதெல்லாம், இப்படிப் போகும் வாலிபர்கள் கிராமத்தில் எதைப் பார்க்கிறார்கள் என்பதேயாகும். குழாய் எத்தனை, கழிப்பிடம் எத்தனை, பள்ளிக்கூடத்தில் வருகை எத்தனை என்று எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியதுதான். ஆனால் கிராமம் என்பது ஒன்றல்ல, இரண்டு. ஊர் ஒன்று, காலனி என்று சொல்லப்படும் சேரி ஒன்று. இரண்டையும் கூட்டி ஒரே தொகையாக எழுதிவிட்டால் கணக்கு சரியாகிவிடும், நியாயம் சரியாகிவிடுமா?

இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. திருப்பூர் ஜில்லா அவிநாசிக்கு அருகில் திருமலைக்கவுண்டம்பாளையம் சர்க்கார் பள்ளியில், 2018 ஜூலையில் சத்துணவு சமைக்க வந்த ஓர் அம்மாள் அருந்ததியர் என்பதற்காக, ஊரார் சிலர் சமைக்க விடாமல் தடுத்தார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? தடுத்தவர்களைக் கேட்பதற்குப் பதிலாக அந்த அம்மாளை வேறிடத்துக்கு மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே உத்தரவு ரத்தாயிற்று. மாற்றல் நிலைத்திருந்தால் கணக்குப் புத்தகத்தில் என்ன இருந்திருக்கும்? அரிசி உண்டு, அடுப்பு உண்டு, சமையலாள் உண்டு. ஆகவே திட்டம் செவ்வனே நடக்கிறது என்று இருந்திருக்கும். ஒருவருடைய மானம் போன சங்கதிக்கு அதில் பத்தி கிடையாது.

2020இல் கோயமுத்தூர் ஜில்லா ஜெ. கிருஷ்ணாபுரம் ஊராட்சித் தலைவராகிய தாழ்த்தப்பட்ட வகுப்பு அம்மையார், தம்மை நாற்காலியில் உட்கார விடவில்லை என்று புகார் கொடுத்தார். ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரின் நிலைமை இது. 2023 செப்டம்பரில் கரூர் ஜில்லா வேலஞ்செட்டியூர்ப் பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைத்த காலைச் சிற்றுண்டியைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக்கூடாதென்று சில பெற்றோர் மறித்தார்கள். அங்கே ஜில்லா கலெக்டர் நேரில் போய் எச்சரித்து, தாமும் அந்த உணவைச் சாப்பிட்டார். அதிகாரி மனம் வைத்தால் என்ன ஆகும், வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவிநாசியும் கரூரும் போதாதா?

எல்லாவற்றிலும் கொடுமை மேட்டுப்பாளையம் நடூரில் நடந்தது. 2019 டிசம்பர் 2ந் தேதி விடியற்காலை மழையில், ஒரு பங்களாவின் உயர்ந்த கற்சுவர் பக்கத்துக் குடிசைகளின் மேல் சரிந்து, தாழ்த்தப்பட்ட மக்கள் 17 பேர் மாண்டார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றும், அதைப்பற்றி முன்னமே முறையிட்டோம் என்றும் அம்மக்கள் சொன்னார்கள். வீட்டை எண்ணுவதற்குப் பாரம் உண்டு. தெருவுக்கு மின்விளக்கு உண்டா என்று கேட்பதற்குப் பாரம் உண்டு. இரண்டு தெருவுக்கும் நடுவில் சுவர் ஏன் நிற்கிறது என்று கேட்பதற்குப் பாரம் உண்டா?

"இரண்டு வருஷத்துக்கு வந்த பிள்ளைகள் ஜாதி வம்பில் தலையிட்டால் வந்த காரியம் கெட்டுப்போகாதா?" என்று சில கனவான்கள் கேட்பார்கள். நாம் சொல்லுகிறோம்: அவர்கள்தான் தலையிடத் தகுந்தவர்கள். எப்படியெனில், ஊர் உத்தியோகஸ்தனுக்கு மாற்றல் பயம் உண்டு, உறவுக் கட்டு உண்டு, அடுத்த தேர்தலில் யார் வருவாரோ என்ற கவலை உண்டு. இரண்டு வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவனுக்கு இதில் எது உண்டு? உள்ளதை உள்ளபடி எழுத அவனுக்கில்லாத சுதந்திரம் வேறு யாருக்கு இருக்கிறது? மேலும் 1950 முதல் தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்லுகிறது. சட்டம் அமலில் இருக்கிறதா என்று பார்ப்பது வம்பு என்றால், பிறகு சர்க்கார் எதற்கு, சம்பளம் எதற்கு?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, பொறுக்கியெடுக்கும் பரீட்சை பட்டணத்து இங்கிலீஷ் பள்ளிப் பிள்ளைகளுக்கே கைகொடுப்பதாக இருக்கக்கூடாது. வயதில் சலுகை கொடுத்தால் மட்டும் போதாது. பஞ்சாயத்துப் பள்ளியில் படித்து, அந்தக் காலனித் தெருவிலிருந்தே பட்டம் பெற்று வந்த ஆணும் பெண்ணும் இதில் நிறைய வரவேண்டும். செருப்பு எங்கே கடிக்கிறது என்பது போட்டு நடந்தவனுக்குத்தான் தெரியும். இரண்டாவது, ஒவ்வொரு கிராம ரிப்போர்ட்டிலும் ஜாதிக்கென்று ஒரு பத்தி இருக்கவேண்டும். டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே டம்ளரா, சுடுகாட்டுக்கு எல்லோருக்கும் பாதை உண்டா, சலூனில் எல்லோருக்கும் முடிவெட்டுகிறார்களா, ஊராட்சித் தலைவர் நாற்காலியில் யார் உட்காருகிறார் என்று அதில் எழுதவேண்டும். மூன்றாவது, அந்த ரிப்போர்ட் இங்கிலீஷில் கோட்டைக்குப் போய்ப் பீரோவில் தூங்கக்கூடாது. வருஷத்தில் ஆறு நாள் கிராமசபை கூட்டச் சொல்லி 2022இல் ஏற்பாடாகியிருக்கிறது. அதில் ஒரு நாள் அதைத் தமிழில் வாசித்து, சம்பந்தப்பட்ட ஜனங்கள் முன்னிலையில் பதில் சொல்ல வைக்கவேண்டும்.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் புகழ்ந்து பேசியவர்களுக்கு டாக்டர் அம்பேத்கர், கிராமம் அறியாமைக்கும் குறுகிய புத்திக்கும் இருப்பிடமென்று முகத்துக்கு நேரே பதில் சொன்னார். கிராமத்துக்குப் போகும் வாலிபர்கள் பொங்கல் கோலத்தையும் தென்னந்தோப்பையும் படம் பிடிப்பதற்கு முன், அந்தப் பேச்சை ஒருதரம் படித்துப் பார்ப்பது நலம்.

கடைசியாகக் கிராமத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊருக்கு அப்படி ஒரு வாலிபர் வந்தால், ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டுத் திண்ணையில் இளநீர் குடித்துவிட்டுத் திரும்ப விடாதீர்கள். காலனிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே உள்ளவர்கள் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடிக்கிறாரா என்று பாருங்கள். குடித்தாரானால் அவர் கையில் உள்ள பட்டத்துக்கு மதிப்புக் கொடுங்கள். தயங்கினாரானால், கிராமத்தைச் சீர்திருத்துவது பிறகு இருக்கட்டும், முதலில் வீட்டுக்குப் போய்த் தம்மைச் சீர்திருத்திக்கொண்டு வரச்சொல்லி அனுப்புங்கள்.