நிறுவுவது எளிது, பேணப்போவது யார்?

யாழ்ப்பாணத்தில் ஆவணப் பாதுகாப்புப் பற்றி எழுதப் புகும் எவரும் 1981இல் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவ்வாண்டு யாழ். பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைப் பணிமனையும் எரிக்கப்பட்டது. அப்போது நான் சிறுவன். பிற்காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபின்னரே, ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எப்போதும் ஆபத்திலேயே இருக்கிறது என்பதை உணர்ந்தேன்.

அண்மையில் எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. பழைய மலர்களையும் கோயில் வெளியீடுகளையும் வருடிக் கணினியில் சேர்ப்பதென இளைஞர்கள் தீர்மானித்தார்கள். கைவிடப்பட்ட கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, அதனை வழங்கியாக்கி, மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவினார்கள். விக்கிப்பீடியாவை இயக்குவது இதுதான். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் தளமும் இதிலேயே இயங்குகிறது. உரிமக் கட்டணம் எதுவும் இல்லை.

வேலை முறையை அருகிலிருந்து பார்த்தேன். மென்பொருட் பொதியை விரித்து வழங்கியின் கோப்புறையில் வைத்தார்கள். தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, அதற்கெனத் தனிப் பயனரையும் கடவுச்சொல்லையும் அமைத்தார்கள். பின்னர் உலாவியில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடையளித்து, முடிவில் கிடைத்த அமைப்புக் கோப்பை உரிய இடத்தில் இட்டார்கள்.

"ஐயா, மத்தியானத்துக்கு முதலே முடிஞ்சுது" என்றான் தம்பி ஒருவன்.

"நீர் வெளிநாடு போனால் இதை ஆர் பாக்கிறது?" என்று கேட்டேன். பதில் வரவில்லை.

எனது கவலை இதுதான். திறமையான பிள்ளைகள் வெளியேறிக்கொண்டிருக்கும் மண் இது. கடவுச்சொல் ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தால், அவர் விமானம் ஏறும் நாளில் நூலகமும் பூட்டப்பட்டுவிடும். முன்பு நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில் பல ஆண்டுப் பக்கங்கள் ஒரேயொரு வன்தட்டில் இருந்தன. ஒரு மழைக்கால மின்வெட்டோடு அது செயலிழந்தது. அந்த இழப்புக்குத் தீ தேவைப்படவில்லை.

'இவ்வளவு சிரமம் எதற்கு, இலவசச் சேவை ஒன்றில் ஏற்றிவிடலாமே' என்போர் உளர். 2009இல் யாகூ நிறுவனம் ஜியோசிற்றீஸ் சேவையை மூடியபோது எண்ணற்ற தனிநபர் பக்கங்கள் மறைந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பிறர் வளவில் கட்டிய வீடு அது. எனவே சொந்த வழங்கியே சரி என்பது என் கருத்து. ஆனால் சொந்தம் என்றால் பொறுப்பும் சொந்தம்.

வாசிகசாலை நிர்வாகத்திடம் நான்கு விடயங்களை முன்வைத்தேன். ஒருவருக்குப் பதில் மூவர் பழக வேண்டும். அவர்களில் ஒருவராவது ஊரிலேயே தங்கக்கூடிய ஆசிரியராக இருக்கட்டும். செய்த ஒவ்வொரு படியும் தமிழில் ஒரு கொப்பியில் எழுதப்பட வேண்டும். தரவுத்தளம், படக்கோப்புகள், அமைப்புக் கோப்பு ஆகிய மூன்றும் வாரந்தோறும் நகலெடுக்கப்பட்டு, ஒரு பிரதியாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து தளத்தை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத நகல் வெறும் நம்பிக்கை மட்டுமே.

புலம்பெயர்ந்த ஊரவர் கட்டடத்துக்கும் கோபுரத்துக்கும் மனமுவந்து கொடுக்கிறார்கள். இத்தகைய பராமரிப்புக்கும் மாதந்தோறும் சிறுதொகை ஒதுக்குவார்களாயின் பெரும் பணியாகும். பெயர்ப்பலகை எதுவும் கிடைக்காது. ஆனால் ஊரின் நினைவு எஞ்சும்.