மூத்த மாநிலத்துக்குத் தண்டனைச் சட்டம் மருந்தல்ல

மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதியவரை அழைத்துப்போக யாரும் வரவில்லை என்ற செய்தி வெளியாகும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது ஒன்று. கோலாலம்பூருக்குப் போன பிள்ளைகளுக்குப் பாசம் விட்டுப்போய்விட்டது, ஊரோடு இருப்பவர்கள்தான் இன்னமும் குடும்பமாக வாழ்கிறார்கள் என்பது இன்னொன்று. முதியோருக்கெனத் தனிச் சட்டம் இயற்றுவது பற்றி மத்திய அரசாங்கம் பல ஆண்டுகளாகப் பேசிவருவதால் முதல் குரலுக்கு வலு கூடியிருக்கிறது. இரண்டாவது குரலை ஈப்போ வட்டாரத்தின் கல்யாண வீடுகளிலும் கருமக்கிரியை வீடுகளிலும் கேட்காத நாளில்லை.

இரண்டு குரலும் ஒரே தவறான கணிப்பிலிருந்து பிறந்தவை என்பது நமது கருத்து. ஒரு குடும்பத்தில் யாரோடு யார் சேர்ந்து வாழ்கிறார், முடியாமல் போனவரை யார் பார்த்துக்கொள்கிறார் என்பதை வீடும் வேலையும் விடுமுறையும் போக்குவரத்தும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. இவை மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் குடும்ப வாழ்க்கையும் மாறுகிறது. இவற்றைத் தொடாமல் பிள்ளைகளின் மனத்தைத் திருத்தச் சட்டம் போட்டால், தாளில் ஒரு சட்டம் கூடும். ஈப்போவின் குனோங் ராபாட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு ஒரு வேளைக் கஞ்சிகூடக் கிடைக்காது.

முதலில் நாட்டின் நிலவரத்தைப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டில் மலேசியப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 1.6 குழந்தைகள். திரங்கானுவும் கிளந்தானும் இந்தச் சராசரியைவிட மிக முன்னே நிற்கின்றன. பினாங்கும் கோலாலம்பூரும் பின்னே நிற்கின்றன. இந்தியர்களிடையே அந்த எண் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. சீனர்களிடையே ஒன்றைக்கூட எட்டவில்லை. கிழக்குக் கரையில் ஒரு தாய்க்கு நான்கைந்து பிள்ளைகள் இருந்தால் அவர்களில் ஒருவராவது ஊரில் தங்குவார். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் இரண்டே பிள்ளைகள் பெற்ற தாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே பாசம் அதிகம், இங்கே குறைவு என்று இதற்குப் பொருள் சொல்வது அநியாயம்.

பேராக் இன்று நாட்டிலேயே முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலம். பிறப்பு குறைந்தது மட்டும் இதற்குக் காரணமில்லை. பெற்று, வளர்த்து, படிக்கவைத்த பிள்ளைகளை இந்த மாநிலம் பல தலைமுறைகளாக வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. ரப்பர் தோட்டங்கள் துண்டுபோடப்பட்டோ, செம்பனைக்கு மாறியோ, வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டோ போயின. வேலை கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பினாங்குக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போனது. பிள்ளைகள் அதன் பின்னால் போனார்கள். போகச் சொன்னவர்களும் பெற்றோர்கள்தான். பால்மரம் வெட்டிய கை, பிள்ளையின் கையில் பாடநூலைக் கொடுத்ததே அதற்காகத்தான்.

இழந்துவிட்டதாக நாம் ஏங்கும் அந்தக் கூட்டுக் குடும்பம் எப்படி உருவானது என்பதையும் நேர்மையாகப் பேச வேண்டும். தோட்டத்தில் லயத்து வீடு கம்பெனியின் சொத்து. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். அப்பாவின் பெயர் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டிலிருந்து நீங்கும்போது மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் போட்டிருந்தால்தான் முதியவர்களுக்குத் தலைக்கு மேல் கூரை. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருந்ததற்கு அன்பும் காரணம், அந்த நிர்ப்பந்தமும் காரணம். 1950-களின் இறுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இந்த ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பது தெரிந்தது. சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பியது அதனால்தான். பாசத்தைப் பற்றி உபதேசம் செய்வதோடு அவர் நின்றிருந்தால் ஒரு தோட்டம்கூட மிஞ்சியிருக்காது.

தோட்ட வாழ்வில் நாம் மறந்துவிட்ட இன்னொன்று ஆயாக்கொட்டகை. விடியுமுன் பெரட்டு எனப்படும் காலை வருகைப் பதிவுக்கு ஓடும் தாய், கைக்குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு மரம் வெட்டப் போனாள். யாருடைய கருணையும் அல்ல அது. ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் சட்டத்தில் தொடங்கிய கடமை. தோட்டங்களின் வீட்டுவசதி பற்றி 1990-இல் வந்த சட்டமும் குழந்தைக் காப்பகத்தை முதலாளியின் பொறுப்பாகவே வைத்தது. பிள்ளையை ஆயாவிடம் விட்டுப்போன தாயைப் பாசமற்றவள் என்று அன்று எவரும் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவளின் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளிருக்காது, ஆகவே பொது ஏற்பாடு வேண்டும் என்பதை ஒரு தோட்டமே ஒப்புக்கொண்டது. குழந்தைக்குச் செய்துகொடுத்த அந்த ஏற்பாட்டை முதியவருக்குச் செய்ய வேண்டும் என்று கேட்டால் மட்டும் ஏன் நமக்குக் கூச்சமாக இருக்கிறது?

குனோங் ராபாட்டை எடுத்துக்கொள்வோம். அவசரகாலத்தில் அமைந்த சீனப் புதுக்கிராமமும், அதைச் சுற்றிப் பிற்பாடு எழுந்த தாமான்களும், தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய நம்மவர் வீடுகளும் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் கலந்து கிடக்கும் இடம் இது. இங்கே மூன்றறைத் தொடர் வீட்டில் கணவனும் மனைவியும், அல்லது ஒருவர் மட்டும், இருப்பது இன்று சாதாரணம். மகன் செந்தூலிலோ கிள்ளானிலோ மலிவுவிலை அடுக்ககத்தில் இருக்கிறான். மக்கள் வீடமைப்புத் திட்ட வீடு சுமார் 700 சதுர அடி. அதில் மூன்று பிள்ளைகள். பழைய மலிவுவிலை அடுக்ககங்கள் பலவற்றில் மின்தூக்கியே கிடையாது. முழங்கால் வலியோடு நான்காம் மாடி ஏறிப் போக முடியாமல்தான் பல பாட்டிமார்கள் இங்கேயே இருக்கிறார்கள். பக்கத்துச் சீன வீட்டிலும் இதே கதைதான். அங்கே பிள்ளை சிங்கப்பூரில். பழி போட இனமும் இல்லை, மதமும் இல்லை.

நாள்காட்டியும் குடும்பத்தைப் பிரிக்கிறது. பேராக்கில் வார விடுமுறை சனி, ஞாயிறு. கெடா, கிளந்தான், திரங்கானுவில் வெள்ளி, சனி. ஜொகூர் 2014 முதல் வெள்ளி, சனி என்று வைத்திருந்து 2025 ஜனவரியில்தான் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. சுங்கைப் பட்டாணியில் ஆசிரியராக இருக்கும் மகளுக்கும் கோலாலம்பூரில் வேலை செய்யும் மகனுக்கும் பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். தைப்பூசம் பேராக்கில் விடுமுறை; பகாங்கிலும் மலாக்காவிலும் இல்லை. கெடாவில் வழக்கமாகக் கிடைத்துவந்த தைப்பூச விடுமுறையை 2021-இல் மாநில அரசு கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி ரத்து செய்தது. சரவாக்கில் தீபாவளிக்கே பொது விடுமுறை கிடையாது. நல்ல நாளில்கூட வீட்டுக்கு வரவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்லுமுன், அவன் இருக்கும் மாநிலத்தில் அது நல்ல நாளாக அறிவிக்கப்பட்டதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தண்டனைச் சட்டம் கேட்பவர்கள் இரண்டு நாடுகளைக் காட்டுவார்கள். இந்தியாவின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், முதியவரைக் கைவிடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடம் தருகிறது. சிங்கப்பூரில் 1995-இலேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சிங்கப்பூர் தன் அனுபவத்தில் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். முதலில் சமரசம், அது முறிந்தால்தான் தீர்ப்பாயம் என்று பிற்பாடு சட்டத்தைத் திருத்தியது. பிள்ளையைச் சிறுவயதில் கொடுமைப்படுத்திய பெற்றோர், பணம் கேட்டு வழக்குப் போடுமுன் அனுமதி பெற வேண்டும் என்று 2023-இல் மீண்டும் திருத்தியது. உறவை நீதிமன்றத்துக்கு இழுத்தால் பணம் வரலாம், பிள்ளை வரமாட்டான் என்பது அங்கேயும் புரிந்துவிட்டது.

வசதியிருந்தும் பெற்றோரைத் தெருவில் விடுபவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு துரத்துபவர்களும் உண்டு, அடிப்பவர்களும் உண்டு. அடிப்பவர்கள்மீது 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். சொத்தைப் பறித்தவர்களிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற, சமரசத்தை முதற்படியாக வைத்து ஒரு வழி செய்யலாம். அதை நாமும் ஆதரிப்போம். ஆனால் இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்து எழுதும் சட்டம், மாதக் கடைசியில் வீட்டு வாடகைக்கே தடுமாறும் மகனையும் அதே கூண்டில் ஏற்றும். பயந்து பதிலே சொல்லாமல் போகும் பிள்ளைகளை அது உண்டாக்கும். எந்தத் தாயும் தன் பிள்ளைமீது புகார் எழுதிக் கையெழுத்துப் போடமாட்டாள் என்பதையும் சட்டம் எழுதுபவர்கள் அறிவார்கள்.

நம் பக்கம் மாற வேண்டியதும் இருக்கிறது. முதியவரைப் பார்த்துக்கொள்வது மகனின் கடமை என்று பேசுகிறோம், பார்த்துக்கொள்வது மருமகள். மகளோடு இருக்க வழியிருந்தும், பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதா என்று தனியே காய்ந்து கிடக்கும் அப்பாக்கள் இந்த வட்டாரத்தில் குறைவில்லை. இதே நாட்டில், சில மணி நேரப் பயணத்தில், நெகிரி செம்பிலானின் அடாட் பெர்பாத்தே மரபில் குலநிலம் மகளுக்குப் போகிறது. மணமானவன் மனைவியின் ஊரில் குடியேறுகிறான். வயதான தாய் மகளோடு இருப்பது அங்கே இயல்பு, அவமானமல்ல. ஒரு மாநிலத்தின் மரியாதை இன்னொரு மாநிலத்தில் மானக்கேடாகத் தெரிகிறது என்றால், மாற்றிக்கொள்ளக் கூடியது அது என்றுதான் அர்த்தம். மகள் வீட்டு வாசலை நம் கோயில் மேடைகளிலிருந்தே திறந்துவைக்கலாம்.

அரசாங்கங்களிடம் நாம் கேட்பவை தெளிவானவை. முதலாவது, முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம். சமூக நல இலாகாவின் முதியோர் நடவடிக்கை மையங்கள் நடமாட முடிந்தவர்களுக்கு நல்லது செய்கின்றன. குளிக்கவும் மருந்து எடுக்கவும் துணை தேவைப்படுபவருக்கு அவை போதாது. தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பதுபோன்ற அரசாங்க முதியோர் இல்லங்களோ ஆதரவே அற்றவர்களுக்கானவை. இரண்டுக்கும் நடுவே காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் இடம் ஒன்று வேண்டும். பேராக் மாநில அரசு தன் வரவு செலவுத் திட்டத்தில் குனோங் ராபாட், புந்தோங், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் நான்கிலும் இதைத் தொடங்கட்டும். இடத்துக்குக் கோயில் மண்டபங்களும் சங்கக் கட்டடங்களும் இருக்கின்றன. வாரநாட்களில் அவற்றில் பெரும்பாலானவை பூட்டித்தான் கிடக்கின்றன. சம்பளம் பெறும் ஆயாக்களும், தமிழிலும் சீனத்திலும் பேசக்கூடிய தாதியரும், வீட்டு வாசலுக்கு வரும் வேனும் அரசின் பொறுப்பு.

இரண்டாவது, வசதியற்ற முதியோருக்கான அரசாங்க உதவித்தொகை. மாதம் 500 வெள்ளியாக இருந்தது 2025-இல் 600 ஆனது வரவேற்கத்தக்கது. தோட்டத்து நாட்கூலியில் ஊழியர் சேமநிதி சேர்த்தவர்களின் கணக்கில் இன்று என்ன மிஞ்சியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தூரத்தில் ஒரு மகன் இருக்கிறான் என்பதே விண்ணப்பத்துக்குத் தடையாகக் கூடாது. அவனால் உண்மையில் என்ன தர முடிகிறது என்று பார்க்க வேண்டும். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கான 8,000 வெள்ளி வரை வரிச் சலுகை, வருமான வரி கட்டுபவனுக்குத்தான் பயன்படும். லாரி ஓட்டுபவனுக்கும் பாதுகாவலர் வேலை செய்பவனுக்கும் அதனால் பயனில்லை.

மூன்றாவது, வேலை நேரம். 2023 ஜனவரி முதல் நடப்பிலிருக்கும் தொழிலாளர் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையும் நாளையும் இடத்தையும் மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துமூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பெற்றோரைப் பராமரிப்பதை ஏற்கத்தக்க காரணமாகச் சட்டத்திலேயே எழுதிவிட்டால், வாரத்தில் இரண்டு நாள் ஈப்போவிலிருந்தே வேலை செய்யப் பலரால் முடியும். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கி 15 ஆண்டுகள் ஆகிவிட்டன. தூரம் இரண்டரை மணி நேரம்தான்.

இத்துடன், மலிவுவிலை அடுக்ககங்களில் முதியவரோடு வாழும் குடும்பத்துக்குத் தரைத்தள வீட்டில் முன்னுரிமையும், தைப்பூசத்துக்கு எல்லா மாநிலங்களிலும் விடுமுறையும் வேண்டும்.

2030-க்குள் மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்பது கணிப்பு. மற்ற மாநிலங்களுக்கு நாளை வரப்போகிற நிலை பேராக்குக்கு இன்றே வந்துவிட்டது. ஆகவே புத்ராஜெயா சட்டம் எழுதி முடிக்கும்வரை ஈப்போ காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளை வேலைக்காக வெளியே அனுப்பி இந்த நாட்டின் மாநகரங்களை வளர்த்துவிட்ட மாநிலம் இது. அந்தப் பெற்றோர்களின் முதுமைக்குச் செலவிட மத்திய அரசிடம் கூடுதல் நிதி கேட்க அதற்கு முழு உரிமை உண்டு. அதைக் கேட்டுப் பெறுவதும், பெற்றதை முதலில் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களுக்குச் செலவிடுவதும் மந்திரி பெசாரின் கடமை. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும், எங்கள் வட்டாரத்தில் நிலையம் எங்கே, எப்போது திறப்பீர்கள் என்று வாக்காளர்கள் கேட்கட்டும்.