முதலில் படம், பிறகு சராசரி

பி.காம் படிக்கிற பெரும்பாலோருக்குப் புள்ளியியல் என்றால் கால்குலேட்டர்தான். சராசரி கண்டுபிடி, திட்ட விலக்கம் கண்டுபிடி, ஒட்டுறவுக் கெழு கண்டுபிடி, விடைக்குக் கீழே இரண்டு கோடு போடு, அடுத்த கணக்குக்குப் போ. வரைபடம் என்பது பிராஜெக்ட் அறிக்கையில் பக்கம் கூட்டுவதற்காகக் கடைசி ராத்திரியில் ஒட்டுகிற கலர் வட்டம். இந்த வரிசையே தலைகீழ். படம்தான் முதலில் வர வேண்டும். கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் என்று 1973-லேயே ஒருவர் காட்டிவிட்டார். ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு சின்ன அட்டவணைகளைத் தயாரித்தார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5. ஒட்டுறவுக் கெழு நான்கிலும் 0.82-க்குப் பக்கம். அவற்றுக்குப் பொருந்தும் நேர்கோடுகூட ஒன்றேதான். பரீட்சையில் கேட்டால் நான்குக்கும் ஒரே விடை, நான்குக்கும் முழு மதிப்பெண்!

வரைந்து பார்த்தால் கதை வேறு. முதல் படத்தில் புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டிச் சிதறிக் கிடக்கின்றன. இரண்டாவதில் அழகான வளைவு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் கோடு பிடித்தாற்போல் நிற்க, ஒன்று மட்டும் மேலே துள்ளுகிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்தில் நிற்கின்றன. தூரத்து மூலையில் தனியாக இருக்கும் ஒரே ஒரு புள்ளிதான் அந்த 0.82-ஐயே உண்டாக்குகிறது. இதுவே ஒரு கடையின் விளம்பரச் செலவும் விற்பனையுமாக இருந்தால்? ஒரே ஒரு மாதத்தை நம்பி, "விளம்பரம் கூடினால் விற்பனை கூடும்" என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

இந்த நான்கு அட்டவணைகளும் 'ஆர்' என்ற கணினி மொழியோடு இலவசமாகவே வருகின்றன. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி இது. 1.0 பதிப்பு 2000-ஆம் ஆண்டு வந்தது. காசு கிடையாது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். புரோகிராமிங் என்ற சொல்லைக் கேட்டதும் ஓட வேண்டாம். 'பிளாட்' என்று தட்டி, அடைப்புக்குறிக்குள் இரண்டு நெடுவரிசைகளின் பெயரைக் கொடுத்தால் படம் வந்துவிடும். ஒரே வரிதான்.

இன்னொரு உதாரணம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 'ஓல்டு ஃபெய்த்ஃபுல்' என்று ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அது ஒரு முறை பீறிட்ட பிறகு அடுத்த முறைக்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்ற 272 பதிவுகள் ஆரிலேயே இருக்கின்றன. சராசரி சுமார் 71 நிமிடம். 'ஹிஸ்ட்' என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றல்ல, இரண்டு குன்றுகள் எழும். ஒன்று 50-களில், இன்னொன்று 80-ஐ ஒட்டி. நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் நம்முடைய அருமைச் சராசரி உட்கார்ந்திருக்கிறது! பாதி வாடிக்கையாளர்கள் 100 ரூபாய்க்கும் மீதிப் பேர் 900 ரூபாய்க்கும் வாங்கும் கடைக்கு, "சராசரி பில் 500" என்று திட்டம் போடுவதும் இதே கூத்துதான்.

"எக்செல் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு படம் போட எக்செல் போதும். ஆனால் மௌஸால் பத்து இடத்தில் கிளிக் செய்து போட்ட படம் எப்படி வந்தது என்று ஒரு மாதம் கழித்துப் போட்டவருக்கே தெரியாது. ஆரில் எழுதிய வரிகள் அப்படியே இருக்கும். எந்தத் தரவு, எதை விட்டார்கள், அச்சு எங்கே தொடங்குகிறது எல்லாம் வெளிச்சம். இன்னொருவர் அதை ஓட்டிச் சரிபார்க்கலாம். நாளைக்குத் தணிக்கை வேலைக்குப் போகிறவர்களுக்கு வவுச்சரின் அருமையைச் சொல்லித்தர வேண்டுமா என்ன? படத்துக்கு அந்த வரிகள்தான் வவுச்சர்.

அதற்காக ஆரில் போட்டால் படம் பொய் சொல்லாது என்று அர்த்தமில்லை. 'பார்பிளாட்' பட்டைகளைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 'பிளாட்' அப்படியல்ல, தரவின் எல்லைக்கு ஏற்ப அச்சைச் சுருக்கிக்கொள்ளும். 98-லிருந்து 100-க்குப் போன விற்பனை மலையேறுவது போலத் தெரியும். வட்டப் படம் இன்னும் மோசம். 30 சதவீதத் துண்டா 33 சதவீதத் துண்டா, எது பெரிது என்று கண் திணறும். வட்டப் படத்துக்கான ஆரின் உதவிப் பக்கமே அதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிற தொனியில்தான் பேசுகிறது. ஆக, கட்டளையோடு சேர்த்து அச்சைப் படிக்கவும் பழக வேண்டும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்குபவர்களுக்கு ஒரு தகவல். கோட்டுப் படத்தையும் பட்டைப் படத்தையும் பொருளாதாரக் கணக்குகளுக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர். 1786-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் வரைந்தது நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளை. ஆக, இது வணிகவியலின் சொந்தச் சொத்து. நடுவில் எங்கேயோ கைவிட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

செமஸ்டர் தொடங்கும் முதல் வாரத்திலேயே, சூத்திரம் எதையும் எழுதும் முன், ஆன்ஸ்கோமின் நான்கு படங்களையும் மாணவர்களே வரையட்டும். அப்புறம் சராசரி சொல்லித் தாருங்கள். யாரும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டார்கள். வகுப்பில் அது நடக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்; ஆரை இன்று ராத்திரியே இறக்கிக்கொள்ளலாம்.