படிப்புக்கும் ஆகும் என்னும் பிரமை

யந்திரத்தைக் கண்டு மிரளும் ஊரன்று கோலார் தங்க வயல். சிவசமுத்திரத்துக் காவிரியிலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கம்பி வழியே வந்த மின்சாரத்தைக் கொண்டு, பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு மூன்று வருஷங்கள் முன்னதாக, 1902-ஆம் ஆண்டிலேயே தன் சுரங்க யந்திரங்களை ஓட்டிய ஊர் இது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரையில் இறங்கி ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வாழும் ஊர் இது. அப்பேர்ப்பட்ட ஊரிலும் ஓர் அபிப்பிராயம், மற்ற இடங்களில் போலவே, வேரூன்றி நிற்கிறது. வீடியோ கேம் ஆடுவதற்கென்றே ஒரு கன்சோலை வாங்குவது வீண் செலவாம். அந்தப் பணத்துக்கு மேலே கொஞ்சம் போட்டு ஒரு கேமிங் பிசி வாங்கினால் ஆடவும் ஆகுமாம், படிப்புக்கும் ஆகுமாம். இந்த அபிப்பிராயம் தவறு என்பது மட்டுமன்று, ஒரு குடும்பம் முழுவதும் கூடித் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் உபாயம் என்பதே என் கட்சி.

கொள்முதல் எவ்விதம் நடக்கிறது என்று பாருங்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, பெங்களூர் ரயிலை நம்பியே ஜீவனம் நடத்தப் பழகிவிட்ட ஒரு குடும்பம். விளையாட்டுக்கென்று ஐம்பதாயிரம் கேட்டால் அந்த வீட்டுத் தகப்பனாருக்கு வரும் கோபத்தைப் பிள்ளை அறிவான். ஆகவே, "நைனா, சிஸ்டம் ஒண்ணு வாங்கணும், கோடிங் கத்துக்கணும்" என்கிறான். ஐம்பதாயிரத்துக்கு மனம் வராதவர், படிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும், எண்பதாயிரத்துக்குக் கடன் வாங்கவும் துணிகிறார். இருவரும் கம்ப்யூட்டர்க் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறார்கள். கடைக்காரர் விலைப்பட்டியல் எழுதுகிறார். அதில் மிகப் பெரிய தொகை கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேரே நிற்கிறது. கல்லூரியில் சொல்லிக் கொடுக்கும் பைத்தானுக்கும் எக்செல் கணக்குக்கும் அந்தக் கார்டு துரும்பளவும் உதவாது என்பது கடைக்காரருக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியும். பணம் கொடுப்பவர் ஒருவருக்குத்தான் தெரியாது. அந்தக் கார்டு இல்லாமலே, பாதி விலைக்கு, படிப்புக்குப் போதுமான லேப்டாப் ஒன்று கிடைத்திருக்கும் என்பதையும் அவருக்கு யாரும் சொல்வதில்லை.

விளையாட்டை விளையாட்டு என்று சொல்லி வாங்க நமக்கு ஏன் இத்தனை கூச்சம்? இதே வயலில் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியின் வெள்ளைக்கார அதிகாரிகள் கிளப் கட்டிக்கொண்டார்கள், கோல்ஃப் மைதானம் அமைத்துக்கொண்டார்கள். அது எந்தப் பரீட்சைக்கு உதவும் என்று அவர்களை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. உழைப்பவன் பிள்ளைக்கு மட்டும் விளையாட்டு என்பது படிப்பின் முக்காட்டைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வர வேண்டியிருக்கிறது.

இனி, கன்சோல் என்பது தாழ்ந்த சாதனம், கம்ப்யூட்டரே உயர்ந்தது என்னும் வாதத்தைப் பார்ப்போம். 2013-இல் பிறந்த பிளேஸ்டேஷன் 4 முதற்கொண்டு சோனியின் பெட்டிக்குள்ளும், அதே ஆண்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் முதற்கொண்டு மைக்ரோசாஃப்டின் பெட்டிக்குள்ளும் இருப்பது, ஏ.எம்.டி. கம்பெனி செய்த, கம்ப்யூட்டரில் உள்ளதைப் போன்ற பிராசசரே. பேதம் என்னவென்றால், கன்சோலின் உறுப்புகள் இன்னின்னவை என்று ஒருமுறை தீர்மானமாகிவிடுகின்றன. வருஷக்கணக்கில் அவை பெரும்பாலும் மாறுவதில்லை. இந்த மாறாமையைத்தான் நம் இளைஞர்கள் குறை என்கிறார்கள். அதுவே அதன் குணம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம்.

திரையில் ஒளியும் நிழலும் விழும் விதத்தைக் கணக்கிடும் சிறு நிரல்களுக்கு ஷேடர் என்று பெயர். அவை ஒவ்வொரு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அதனதன் பாஷையில் மாற்றி எழுதப்பட்டாக வேண்டும். கன்சோலில் கார்டு எது என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதால், அந்த வேலையை விளையாட்டைச் செய்தவர்களே முடித்து அனுப்பிவிடுகிறார்கள். கம்ப்யூட்டரிலோ, எந்த வீட்டில் எந்தக் கார்டு, எந்த டிரைவர் இருக்கிறது என்பதை அறியும் மார்க்கம் அவர்களுக்கு இல்லாமையால், வாங்கியவன் வீட்டிலேயே அது நடந்தாக வேண்டியிருக்கிறது. 2022 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5-இல் ஒழுங்காக ஓடிய 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதல் பாகம், 2023 மார்ச் 28-ஆம் தேதி கம்ப்யூட்டருக்கு வந்தபோது, பலருடைய வீட்டில் இந்த ஷேடர் வேலை முடியவே ஒரு மணி நேரம் வரை ஆயிற்று. அதன் பிறகும் ஆட்டம் தடுமாறி நின்றது. செய்த கம்பெனி அடுத்தடுத்துத் திருத்தங்கள் அனுப்ப வேண்டி வந்தது. விடியுமுன் தங்க வயலின் மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி, பெங்களூரில் பகலெல்லாம் உழைத்து, இரவு அங்கேயே திரும்பி வந்திறங்கி வீடு சேரும் ஒருவனுக்கு விளையாட மீதியிருக்கும் அவகாசமே ஒரு மணி நேரந்தான். அதை ஷேடருக்குத் தானம் செய்துவிட்டு அவன் படுக்கப் போக வேண்டுமா?

கம்ப்யூட்டரை வேண்டியபோது கொஞ்சங் கொஞ்சமாக உயர்த்திக்கொள்ளலாம் என்பார்கள். சொல்லுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஏ.எம்.டி. 2022 செப்டம்பரில் வெளியிட்ட ரைசன் 7000 வரிசைப் பிராசசரை வாங்கினவன் அதற்கேற்ற மதர்போர்டையும் புதிதாக வாங்க வேண்டும். அந்த மதர்போர்டு பழைய ரேமை ஏற்காது என்பதால் டி.டி.ஆர்.5 ரேமையும் வாங்க வேண்டும். இப்படியிருக்க, 2014 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 4, ஓர் உறுப்பும் மாற்றாமல், 2022 நவம்பரில் வெளிவந்த 'காட் ஆஃப் வார் ரக்னராக்' வரையில் ஓட்டிக் காட்டியது.

எதிர்க்கட்சியின் வாதங்களில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீமில், தள்ளுபடிக் காலத்தில் அவை மிக மலிவாகக் கிடைக்கின்றன. பிளேஸ்டேஷன் 5-இன் பெரிய விளையாட்டு ஒன்று ஐயாயிரம் ரூபாய் அளவுக்கு விற்கிறது என்பது அநியாயமே. ஆனால் டிஸ்க்காக வாங்கிய விளையாட்டை ஆடி முடித்துச் சிநேகிதனுக்கு இரவல் தரலாம், பாதி விலைக்கு விற்கலாம். ஸ்டீமில் வாங்கியது வாங்கினவனுடைய கணக்கிலேயே கட்டுண்டு கிடக்கும். (டிஸ்க் போடும் வழியே இல்லாத கன்சோலை வாங்குகிறவர் இந்தச் சலுகையைத் தாமாகவே இழக்கிறார், அவருக்காக நான் வாதாடப் போவதில்லை.) வாலரண்ட் போன்ற ஆட்டங்களுக்கு மவுஸும் கீபோர்டுமே வசதி என்பார்கள். மெய்தான், ஆனால் அந்த வாலரண்ட் விலையுயர்ந்த கார்டு எதையும் கேட்பதில்லை, சாதாரண கம்ப்யூட்டரிலேயே ஓடும். அதைச் சொல்லி அந்தக் கார்டை வாங்குவதுதான் விந்தை. வீடியோ எடிட்டிங்கும் முப்பரிமாணச் சித்திரமும் தொழிலாகக் கொள்ளப் போகும் பிள்ளைகளுக்குக் கார்டு உண்மையாகவே வேண்டும். அவர்களைத் தடுக்க எனக்கு உரிமையில்லை.

கன்சோல் கம்பெனிகளும் தருமவான்கள் அல்லர். 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி 49,990 ரூபாய்க்கு இங்கே வந்த பிளேஸ்டேஷன் 5, பழைய வழக்கப்படி நாளடைவில் விலை குறைவதற்குப் பதிலாக, அடுத்த ஆண்டு நவம்பரில் 54,990 ஆயிற்று. 2024 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோ, அதிலுள்ள வைஃபைக்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இங்கே அனுமதிக்கப்படாததால், அப்போது இந்தியாவுக்கு வரவேயில்லை. இவ்வளவையும் கணக்கில் சேர்த்த பிறகும், கன்சோல் ஒன்றின் விலைக்கு அதே அளவு ஓடும் கம்ப்யூட்டரைக் கட்டித் தருவது எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரருக்கு எளிதான காரியம் அன்று.

வீட்டு விஷயமும் ஒன்று உண்டு. சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் தனியறை ஏது? கம்ப்யூட்டர் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். அதன் முன்னால் ஒருவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மற்றவர்களுக்கு முதுகு காட்டி உட்காருவான். கன்சோலோ கூடத்து டிவியின் கீழே இருக்கும். இரண்டாவது கன்ட்ரோலரைத் தங்கை எடுத்துக்கொள்வாள், தகப்பனாரே ஒருநாள் கிரிக்கெட் ஆடிப் பார்ப்பார். பிள்ளை எத்தனை நேரம் ஆடுகிறான் என்பது எல்லார் கண்ணுக்கும் பிரத்தியட்சமாகத் தெரியும். 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்ல அங்கே இடமில்லை.

தங்க வயலின் ஆண்டர்சன்பேட்டையிலோ ராபர்ட்சன்பேட்டையிலோ இந்த வருஷம் பிள்ளைக்குச் சிஸ்டம் வாங்கித் தரப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: கடனுக்குக் கையெழுத்திடுமுன், விலைப்பட்டியலில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேரே உள்ள தொகையைக் காட்டி, இது எந்தப் பாடத்துக்கு என்று பிள்ளையைக் கேளுங்கள். பாடத்தின் பெயரைச் சொன்னால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். விளையாடத்தான் என்று உண்மையை ஒப்புக்கொண்டால், கார்டை அடித்துவிட்டுப் படிப்புக்கு ஒரு சாதாரண லேப்டாப் வாங்குங்கள். கையில் இன்னும் இருந்தால், விளையாட்டுக்கு ஒரு கன்சோலையும் கூசாமல் வாங்குங்கள்.