ஃபில்டரைச் சொல்லாத அறிக்கை செல்லாது

“வட்டத்தன்மை 0.8 மைக்ரான். தேர்ச்சி.” இந்த ஒற்றை வரியோடு முடியும் அளவீட்டு அறிக்கைகளுக்குக் கையெழுத்தும் முத்திரையும் கிடைத்துவிடுகின்றன. எந்த ஃபில்டர், எந்தக் கட்-ஆஃப் என்ற விவரம் மட்டும் இருப்பதில்லை. இந்த வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ரவுண்ட்னெஸ் கருவியின் முனை பாகத்தைச் சுற்றித் தொட்டு வரும்போது, முட்டை வடிவக் கோணல் முதல் கிரைண்டிங் அதிர்வு விட்டுச்சென்ற நுண்ணலைகள் வரை எல்லாமே பதிவாகும். சுற்றுக்கு எத்தனை அலைகள் வரை கணக்கில் கொள்வது என்பதை முடிவு செய்வது கட்-ஆஃப். 15, 50, 150, 500, 1500 ஆகியவை வழக்கமான தேர்வுகள். சொரசொரப்பை வடிவப் பிழையிலிருந்து பிரிக்க ஃபில்டர் தேவைதான். எதை ஒதுக்கினோம் என்பதைச் சொல்லாமல் விடுவதே குற்றம்.

வேறு பிழையில்லாத ஒரு ஷாஃப்டில் சுற்றுக்கு 80 அலைகள், ஏற்ற இறக்கம் 2 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். காஸியன் ஃபில்டரில் கட்-ஆஃப் 15 என்றால் பிழையே தெரியாது. 50 என்றால் 0.34 மைக்ரான், 150 என்றால் 1.64, 500 என்றால் 1.96. அனுமதி 1 மைக்ரான் என்றால், 50இல் தேறிய அதே ஷாஃப்ட் 150இல் கழிக்கப்படும்! கட்-ஆஃப் எண்ணை மட்டும் எழுதினாலும் போதாது. அந்த எல்லையில் உள்ள அலையைக் காஸியன் பாதியாகக் குறைக்கும்; பழைய 2ஆர்.சி. ஃபில்டரோ முக்கால் பங்கை விட்டுவைக்கும். பேரிங்கில் இரைச்சலையும் அதிர்வையும் கிளப்புபவை இத்தகைய அலைகள்தாம். அறிக்கையில் மறைத்ததால் அவை ஓட்டத்தில் அடங்கிவிடாது.

பழி பரிசோதகருக்கு மட்டும் உரியதல்ல. ஃபில்டர் வகையையும் கட்-ஆஃபையும் டிராயிங்கிலேயே குறிக்க ஐ.எஸ்.ஓ. 1101 தரநிலையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு வழி தந்திருக்கிறது. அதன் பிறகும் வட்டக் குறியும் ஓர் எண்ணும் போட்டுக் கைகழுவும் வடிவமைப்பாளருக்கு என்ன சாக்கு? முடிவைப் புரிந்துகொள்ளத் தேவையான சோதனை நிலைமைகளை அறிக்கையில் தரவேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025. அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் அதை ஏட்டளவில் வைத்திருக்கலாகாது.

திருத்தம் உடனே வேண்டும். பாகம் செய்யும் வேலைக்கு ஏற்ற கட்-ஆஃபை வடிவமைப்பாளர் டிராயிங்கில் குறிக்க வேண்டும். ஃபில்டர் வகை, கட்-ஆஃப், பிழையைக் கணக்கிட அடிப்படையாகக் கொண்ட ஒப்பீட்டு வட்டம், தொடும் முனையின் ஆரம் ஆகிய நான்கையும் ஆய்வகம் அறிக்கையில் எழுத வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் வாங்குபவர் அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும். முழு அறிக்கை வரும்வரை சரக்கை ஏற்கக் கூடாது.