படகை எங்கே கட்டுவது, காசை எப்படிக் கட்டுவது?



கொஞ்சம் நீளமான பதிவு. படகு வைத்திருக்கும் குடும்பங்களும், வைக்க நினைக்கும் குடும்பங்களும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

வாடை தொடங்கப் போகிறது. பைபர் போட்டுகளைக் கரையில் மேலே இழுத்து வைக்கும் காலம். இந்தக் காலத்தில்தான் நம் கரையில் படகு விற்பதும் வாங்குவதும் நடக்கிறது. அஸர் தொழுதுவிட்டு கடற்கரைப் பக்கம் போனால் ஒரே கதைதான். "சின்னதை வித்திட்டுப் பெரிசா ஒண்டு எடுக்கணும்." எங்கள் வீட்டிலும் இப்போது அதே கதை. எங்கள் தம்பிக்கு இந்த முறை சோழகக் காலம் நன்றாக அமைந்தது. கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. பலநாள் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது.

நாங்கள் பெரிய படகுக்கு எதிரானவர்கள் அல்ல. கரைக்குக் கிட்ட மீன் குறைந்துவிட்டது என்பது வலை இழுக்கிற எல்லோருக்கும் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு சின்னப் படகுகளைத்தான் கொடுத்தன. ஒரே தண்ணீரில் அத்தனை படகும் ஓடினால் ஆளுக்கு என்ன மிஞ்சும்? ஆழ்கடலுக்குப் போனவர்களில் வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். அதை மறைத்துப் பேசினால் அது நியாயமில்லை.

ஆனால் பெரிய படகு எடுத்து விழுந்தவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறப்பதில்லை. வெட்கம். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று என்பதால், அந்த வெட்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறோம்.

2021இல் எங்கள் மூத்த மச்சான் இருபதடி பைபர் போட்டை விற்று நாற்பதடிப் பலநாள் படகு எடுத்தார். மிச்சக் காசுக்கு ராத்தாவின் வீட்டு உறுதி வைக்கப்பட்டது. நம் பகுதியில் வீடு பெண்பிள்ளையின் பெயரில்தான் இருக்கும். வாப்பா வெயிலிலும் உப்பிலும் கிடந்து உழைத்துக் கொடுத்த வீடு அது. அந்த உறுதியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது நாங்கள் யாரும் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமில்லை, சம்பளச் சீட்டைக் கொடுத்துப் பிணையும் நின்றோம். கல்வியியற் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு வந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற நாங்கள், அன்று ஒரு கொப்பித் தாளில் கூடக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

இப்போது போட்டுப் பார்ப்போம்.

படகின் நீளம் இருபதடியிலிருந்து நாற்பதடி ஆனால் செலவு இரண்டு மடங்குதான் ஆகும் என்று நாம் நினைக்கிறோம். ஒரே வடிவத்தில் நீளத்தை இரட்டித்தால் பரப்பளவு நான்கு மடங்கு, கொள்ளளவு எட்டு மடங்கு. பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. பெயின்ட் அடிக்கப் போனால் நான்கு மடங்கு. படகைத் தள்ளும் எஞ்சின், நிறுத்தும் நங்கூரம், நிரப்பும் ஐஸ் எல்லாம் அந்தப் பாரத்துக்கு ஏற்றபடிதான் வேண்டும். சின்னப் படகை பத்துப் பேர் சேர்ந்து மணலில் இழுக்கலாம். இதை இழுக்க முடியாது.

அடுத்தது பங்குக் கணக்கு. வழக்கமாக டீசல், ஐஸ், இரை, சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிஞ்சியதில் பாதி படகுக்கு, பாதி ஆட்களுக்கு. ஒரு உதாரணத்துக்கு வைப்போம். ஒரு பயணத்து மீன் 12 இலட்சத்துக்குப் போகிறது. செலவு 7 இலட்சம். மிச்சம் 5 இலட்சம், படகுக்காரருக்கு இரண்டரை. அடுத்த பயணத்தில் மீன் கால்வாசி குறைந்து 9 இலட்சம்தான் வருகிறது. டீசலும் ஐஸும் குறையவில்லை, அதே 7. மிச்சம் 2 இலட்சம், படகுக்காரருக்கு 1 இலட்சம். கவனித்தீர்களா? மீன் கால்வாசி குறைந்தது. படகுக்காரரின் பங்கு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. 7 இலட்சத்துக்கு மட்டும் மீன் வந்தால் பூச்சியம். அந்தப் பூச்சியத்திலிருந்துதான் தவணை கட்ட வேண்டும், வலை பொத்த வேண்டும், வீட்டுக்குச் சாமான் வாங்க வேண்டும்.

மச்சானுக்கு முதல் சில பயணம் நன்றாகத்தான் போனது. கெலவல்லா வந்தது, வீட்டில் சிரிப்பும் வந்தது. பிறகு 2022 வந்தது. அந்த வருடம் தொடங்கும்போது 121 ரூபாயாக இருந்த ஒரு லீட்டர் டீசல் ஜூன் மாதக் கடைசியில் 460 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வரிசையில் நின்றே நாட்கள் போயின. சின்னப் படகுக்காரருக்கும் அடி விழுந்தது உண்மைதான். 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஆகஸ்டில் 340 ஆனது. ஆனால் ஒரு வித்தியாசம். கடன் இல்லாத சின்னப் படகு கரையில் கிடந்தால் வருமானம் இல்லை, அவ்வளவுதான். தவணைக்கு எடுத்த பெரிய படகு சும்மா நின்றாலும் காசு கேட்கும். தவணை கேட்கும், காவலுக்கு ஆள் கேட்கும்.

நிற்க இடமும் கேட்கும். சாய்ந்தமருது, கல்முனைக் கரையில் பெரிய படகைக் கட்ட எங்கே இடம்? திறந்த கடலில் நங்கூரம் போட்டு விடுகிறோம். காற்று எழும்பினால் இரவில் நித்திரை இல்லை. பக்கத்தில் ஒலுவில் துறைமுகம் இருக்கிறது. 2013இல் திறந்தார்கள். வாயிலை மணல் மூடுகிற கதையும், வடக்குப் பக்கம் நிலம் அரித்துப் போகிற கதையும் எல்லோருக்கும் தெரியும். அதை நம்ப முடியாவிட்டால் வாழைச்சேனைக்குக் கொண்டு போக வேண்டும், இல்லை திருகோணமலைப் பக்கம் கொட்பேக்குப் போக வேண்டும். அங்கே போய் வரும் டீசலும் அந்த 7 இலட்சத்துக்கு மேல்தான்.

ஒருநாள் மச்சான் ஆள் பங்கைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு ஆளை நிறுத்திவிட்டு ராத்தாவின் மூத்த மகனை ஏற்றினார். "ஒரு பயணம்தான், லீவில" என்றார்.

அவனுக்கு அப்போது பதினைந்து வயது. பத்தாம் ஆண்டு. கணக்கில் வலு கெட்டிக்காரன். ஒரு பயணம் இரண்டானது, மூன்றானது. இடாப்பில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு வரிசை நீண்டு கொண்டே போனது. இந்த நாட்டில் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். அடுத்தவன் பிள்ளை பாடசாலைக்கு வராவிட்டால் வீடு தேடிப் போய் அதைச் சொல்கிறவர்கள் நாங்கள். சொந்த மருமகனின் வீட்டுக்குப் போய்ச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கடனில் எங்கள் கையெழுத்தும் இருந்தது. தவணை தவறினால் எங்கள் சம்பளத்திலும் கை வைப்பார்கள். பிள்ளை கடலுக்குப் போவது எங்களுக்கும் உள்ளுக்குள் வசதியாக இருந்தது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

2023இல் படகை நட்டத்துக்கு விற்றோம். மிச்சக் கடனுக்கு ராத்தாவின் நகை போனது. வீட்டு உறுதி திரும்பி வந்தது, அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை பாடசாலைக்குத் திரும்பி வரவில்லை. இப்போது வேறொருவர் படகில் போகிறான்.

மச்சானைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2022இல் நாடே விழுந்தது. ஆனால் ஒரு பெரிய படகு, ஒரு வீட்டு உறுதி, ஒரு பிள்ளையின் படிப்பு ஆகிய மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியது நாம்தான். கயிறு அறுந்தபோது மூன்றும் சேர்ந்து போயின.

அதனால் எடுக்க நினைக்கும் குடும்பங்களிடம் சில விடயங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் கட்டும் இடத்தைப் பாருங்கள், பிறகு படகைப் பாருங்கள். வாடையில் எங்கே நிற்கும், அங்கே யார் காவல், மாதம் என்ன செலவு என்று எழுதி வையுங்கள்.

பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போடாதீர்கள். காற்றும் மழையும் பழுதும் எடுத்துக்கொள்ளும் மாதங்களைக் கழித்துவிட்டு, மிச்ச மாதங்களின் உழைப்பில் பன்னிரண்டு தவணையும் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் படகு உங்களுக்குப் பெரிது.

ஓட்டியை முதலில் தயார் செய்யுங்கள். கரைக்கு வந்து போகிற தொழில் வேறு, வாரக் கணக்கில் ஆழ்கடலில் கிடக்கிற தொழில் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் நம் நாட்டு மீனுக்குத் தடை போட்டு 2016இல்தான் எடுத்தது. அதன் பிறகு கண்காணிப்பு இறுகிவிட்டது. சர்வதேசக் கடலுக்குப் போக அனுமதிப்பத்திரம், இடம் காட்டும் கருவி, ஸ்கிப்பர் சான்றிதழ் எல்லாம் வேண்டும். எல்லை தெரியாமல் அடுத்த நாட்டுக் கடலுக்குள் போனால் படகோடு பிடித்து வைப்பார்கள். மீனைப் பழுதாக்காமல் ஐஸில் வைக்கத் தெரியாவிட்டால், முதல் வாரம் பிடித்த மீன் கரைக்கு வரும்போது பாதி விலைக்குத்தான் போகும்.

பெண்பிள்ளைகளின் வீட்டு உறுதியைத் தொடாதீர்கள். வட்டிக்குப் போவதை விட நாலு குடும்பம் பங்கு சேருங்கள். இலாபத்திலும் நட்டத்திலும் யாருக்கு எவ்வளவு என்று சாட்சி வைத்து எழுதுங்கள். நம் மார்க்கம் காட்டித் தந்த வழியும் அதுதான். "சொந்தத்துக்குள்ள எழுத்து என்னத்துக்கு" என்று கேட்காதீர்கள். சொந்தம் உடையாமல் இருக்கத்தான் எழுத்து.

கடலுக்குப் போகிறவர்களுக்குக் காப்புறுதியும் உயிர்காப்பு அங்கியும் இல்லாமல் படகை அவிழ்க்காதீர்கள். போனவர் வராவிட்டால் அந்த வீட்டுக்கு யார் சோறு போடுவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

கடைசியாக, பிள்ளையை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். மகனை ஏற்றினால்தான் படகு ஓடும் என்றால் அந்தப் படகு ஓடவில்லை என்றுதான் அர்த்தம்.

போன வெள்ளிக்கிழமை இரவு எல்லோரும் வாப்பாவின் வீட்டில் இருந்தோம். தம்பி படகின் படத்தைப் போனில் காட்டினான். வாப்பாவுக்கு இப்போது கண் சரியில்லை, படத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கேள்விதான் கேட்டார். "படக எங்க கட்டுவாய்? காச எங்கால கட்டுவாய்?"

தம்பி பதில் சொல்லவில்லை. கடலால் வந்திருந்த மருமகன் கொப்பி ஒன்றை எடுத்தான். டீசல் எத்தனை லீட்டர், ஐஸ் எத்தனை கட்டி, எந்த மாதம் எத்தனை நாள் படகு நிற்கும் என்று ஒன்றும் விடாமல் எழுதிக் கூட்டித் தம்பியின் முன்னால் வைத்தான். மச்சானும் பக்கத்தில் இருந்து பார்த்தார். ஒரு பிழை இல்லை. அதை வாசித்துவிட்டுத் தம்பி, "இந்த வருசம் வேணாம், எஞ்சினை மட்டும் மாத்துவம், பங்குக்கு ஆள் சேருதா பாப்பம்" என்றான்.

எங்களுக்கு நிம்மதி. ஆனால் அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு அன்று நித்திரை வரவில்லை. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் எழுத வேண்டிய கை அது. அவன் சம்மதித்தால் இந்த முறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பம் போட்டுக் கொடுக்கப் போகிறோம். வாடைக்குப் படகு கரையில் நிற்கும் நாட்களில் வீட்டிலேயே படிப்பிப்போம். இது உபகாரம் அல்ல. எங்கள் கையெழுத்துக்கு நாங்கள் கட்ட வேண்டிய மிச்சத் தவணை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இடையில் நின்றிருந்தால் அனுப்புங்கள். இரவில் மஃரிபுக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசல் திறந்திருக்கும். காசு வேண்டாம்.

கடலுக்குப் போகிற அத்தனை பேரையும் அல்லாஹ் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். ஆமீன்.